ஆன்லைன் கடையின் மாட்யூல் ஆவணம்: நம்புவதும் நடப்பதும்

ஆன்லைன் கடை மென்பொருள் டீமில் புதிதாகச் சேரும் புரோகிராமர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்: "இந்த விலை எங்கேதான் கணக்காகிறது?" பெரும்பாலும் அதற்கு ஆவணம் இருக்காது. இருந்தாலும் அதில் இந்தப் பதில் இருக்காது. எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதில் உலவும் சில நம்பிக்கைகளே காரணம். உதாரணத்துக்கு மெஜென்டோவை எடுத்துக்கொள்கிறேன். 2008இல் வந்த திறமூல மென்பொருள். 2015 இறுதியில் இரண்டாம் பதிப்பு வந்தது. 2018இல் அடோபி வாங்கியது. முழுக்க முழுக்க மாட்யூல்களால் ஆனது.

"நிரலே ஆவணம், ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும்"

கேட்லாக், சேல்ஸ், டாக்ஸ், கஸ்டமர் என்று ஃபோல்டர்கள் வரிசையாகத்தான் இருக்கும். தெரியாதது, அவற்றுக்கு இடையே நடப்பது. மெஜென்டோ 2இல் ஒரு மாட்யூலின் பப்ளிக் மெத்தடை இன்னொரு மாட்யூல் இடைமறிக்கலாம். இதற்குப் பிளகின் என்று பெயர். மெத்தட் ஓடுவதற்கு முன், ஓடிய பின், அதைச் சுற்றி என மூன்று வகை உண்டு. சுற்றி நிற்கும் வகை நினைத்தால் மூல மெத்தடை ஓடவே விடாது. இந்த இடைமறிப்பு பதிவாகியிருப்பது இடைமறிக்கும் மாட்யூலின் எக்ஸ்எம்எல் கோப்பில். ஆகவே விலை தரும் மெத்தடை வரிவரியாகப் படித்தாலும், கடைக்காரர் வெளியே வாங்கிப் போட்ட தள்ளுபடி மாட்யூல் ஒன்று அதன் விடையை மாற்றிக்கொண்டிருப்பதற்கு அங்கே தடயமே கிடைக்காது.

நிகழ்வுகளும் அப்படித்தான். ஆர்டர் பதிவானதும் சேல்ஸ் மாட்யூல் ஒரு நிகழ்வை அறிவிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புவது யார், கணக்கு மென்பொருளுக்குத் தகவல் தள்ளுவது யார் என்பது சேல்ஸ் மாட்யூலுக்கே தெரியாது. உள்ளே கை வைக்காமல் கடையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்படி அமைத்தார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனாலேயே ஆவணத்தில் முதலில் வர வேண்டியது இந்தக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளின் பட்டியல்: எது எதை இடைமறிக்கிறது, எந்த வரிசையில், எந்த நிகழ்வை யார் கேட்கிறார்கள்.

இன்னொன்று. மாட்யூலின் எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள சீக்வென்ஸ் பகுதியைப் பார்த்து, அதுதான் சார்புப் பட்டியல் என்று படம் வரைந்துவிடுகிறவர்கள் உண்டு. அது ஏற்றும் வரிசையை மட்டுமே சொல்லும். எது இல்லாமல் எது இயங்காது என்பதற்கு, தொகுப்புகளை நிர்வகிக்கும் கம்போசர் கருவியின் கோப்பைப் பார்க்க வேண்டும்.

"வாடிக்கையாளர் போகும் வழிதான் மாட்யூல் பிரிவு"

தேடல், கூடை, பணம், டெலிவரி என்று பெட்டி போட்டு அம்புக்குறி இழுப்பது சுலபம். 1972லேயே கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் இதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சிறிய புரோகிராமை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், வேலை நடக்கும் வரிசைப்படி. இரண்டாவது, நாளை மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து வைப்பது. மாற்றம் வரும்போது இரண்டாவதில்தான் பாதிப்பு ஓரிடத்தோடு நிற்கிறது.

இந்தியக் கடைகளுக்கு இதைச் சோதித்துப் பார்க்க ஒரு தேதியே கிடைத்தது: 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி. மாநிலத்துக்குள் விற்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி. வரிக் கணக்கு ஒரே மாட்யூலுக்குள் இருந்தால் திறக்க வேண்டியது அது ஒன்றுதான். கூடையிலும் இன்வாய்ஸிலும் ரிட்டர்னிலும் தனித்தனியே சதவீதத்தைப் பெருக்கி வைத்திருந்தால் மூன்றையும் திறக்க வேண்டும். "டாக்ஸ் மாட்யூல் வரி கணக்கிடும்" என்று ஆவணத்தில் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. "எந்த வரி பொருந்தும் என்பதை இந்த மாட்யூல் மட்டுமே முடிவு செய்யும், வேறு யாரும் சதவீதத்தைத் தொடக் கூடாது" என்பதுதான் எழுத வேண்டிய வரி.

"டேபிள் அமைப்பைக் கொடுத்தால் போதும்"

மெஜென்டோ 2.3இல், 2018இல், பல கிடங்குகளைக் கையாளும் புதிய இருப்பு மாட்யூல்கள் வந்தன. கிடங்கில் 10 சேலைகள் இருக்கின்றன, ஒருவர் 2 ஆர்டர் செய்கிறார் என்று வையுங்கள். கிடங்கு டேபிளில் இன்னும் 10தான் இருக்கும். வேறொரு டேபிளில் −2 என்று ஒரு முன்பதிவு வரி சேரும். விற்கக்கூடிய இருப்பு 8 என்பது இரண்டையும் கூட்டி வருவது. பொருள் அனுப்பப்படும்போதுதான் கிடங்கு 8 ஆகும், கூடவே +2 என்று ஒரு வரி சேர்ந்து முன்பதிவு நேராகும். கிடங்கு டேபிளை மட்டும் பார்ப்பவர் 10ஐக் கண்டு பிழை என்று நினைப்பார். நல்லெண்ணத்தோடு ஒரு கழித்தலைச் சேர்த்து இருப்பை இருமுறை குறைத்துவிடுவார். ஆர்டர் விழும் நேரத்தில் எந்தக் கிடங்கிலிருந்து அனுப்புவது என்று முடிவாகியிருக்காது என்பதே இந்த ஏற்பாட்டுக்கு முக்கியக் காரணம். எந்த டேபிளிலும் இந்தக் காரணத்துக்கு ஒரு பத்தி கிடையாது.

"அஜைல் என்றால் ஆவணம் வேண்டாம்"

2001 அஜைல் அறிக்கை இயங்கும் மென்பொருளுக்கு முதலிடம் தந்தது, அவ்வளவுதான். ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கை சொல்வது வசதியாக மறக்கப்படுகிறது.

"எழுதிய அன்றே பழசாகிவிடும்"

இதில் பாதி உண்மை. கையால் வரைந்த கிளாஸ் படம் சீக்கிரமே பொய் சொல்லத் தொடங்கும். அதை வரையாமலே இருக்கலாம். ஆனால் ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது பழசாவதில்லை. 2011இல் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் சொன்ன முறை எனக்குப் பிடித்தது: ஒரு முடிவுக்கு ஒன்றிரண்டு பக்கம், சூழல், முடிவு, விளைவு. நிரலோடு அதே இடத்தில் வைக்க வேண்டும். முடிவு மாறினால் பழையதை அழிக்காமல், வேறொன்று அதன் இடத்துக்கு வந்துவிட்டது என்று குறிக்க வேண்டும்.

மாட்யூல்களுக்கு இடையிலான எல்லைகளைக் காவல் காக்கும் வேலையை இயந்திரத்திடமே விட்டுவிடலாம். ஆன்லைன் கடைத் தளமான ஷாப்பிஃபை தன் பெரிய ரூபி ஆன் ரெயில்ஸ் மென்பொருளைத் துண்டு துண்டாக உடைக்காமல் உள்ளேயே எல்லை போட்டது. அதற்கான பேக்வெர்க் கருவியை 2020இல் பொதுவில் வெளியிட்டது. ஒவ்வொரு பகுதியும் யாரைச் சார்ந்திருக்கிறது என்பதை ஒரு சிறு கோப்பில் அறிவிக்கும். அறிவிக்காத பகுதியின் கிளாஸைத் தொட்டால் சோதனை தோற்கும். ஏற்கெனவே இருக்கும் மீறல்கள் தனிக் கோப்பில் பட்டியலாகும். புதிதாகச் சேர்ந்தவருக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான். ஆர்டர் மாட்யூல் இருப்பு மாட்யூலுக்குள் எத்தனை இடத்தில் கை நுழைக்கிறது என்று எந்த வரைபடமும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.