கவுண்டரிலிருந்து மேனேஜர் நாற்காலிக்கு

பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, பதினைந்து வருடம் கழித்தும் அதே கவுண்டரில் இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "படிப்பெல்லாம் இனி ஏறாதுங்க" என்பார்கள். படிப்பு ஒரு சாக்குதான். கடன் பிரிவில் உட்காரப் பயம், வெளியூர் மாற்றலுக்குப் பயம்: இந்த இரண்டும்தான் பெரும்பாலானோரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பதவி உயர்வுக்குத் தயாராவது என்றால் முதலில் இந்த இரண்டையும் ஒரு கை பார்ப்பதுதான்.

தொடக்கம் மட்டும் சுலபமானது. உங்கள் வங்கியின் புரொமோஷன் பாலிசியை உள்தளத்திலிருந்து இறக்கி, பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். கேன்டீனில் கிடைக்கும் தகவலை நம்பாதீர்கள். எத்தனை வருட சர்வீஸ் வேண்டும், அது எந்தத் தேதியில் கணக்கிடப்படும், எழுத்துத் தேர்வு, நேர்காணல், அப்ரைசல், கூடுதல் தகுதி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல வங்கிகளில் சீனியாரிட்டி வழி, மெரிட் வழி என்று இரண்டு உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இந்த வருட சர்க்குலர் வரட்டும் என்று காத்திருந்தால் படிக்க நாள் இருக்காது. போன வருட சர்க்குலரை வைத்துத் தொடங்கிவிடலாம்.

அடுத்து ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகள். முன்னது நான்கு தாள்; பின்னது நான்கு கட்டாயத் தாளும் ஒரு விருப்பத் தாளும். ஜே.ஏ.ஐ.ஐ.பி.யில் தாளுக்கு 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. நான்கையும் ஒரே முறையில் எழுதி, ஒவ்வொன்றிலும் 45-க்குக் குறையாமல், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தாலும் தேர்ச்சிதான். ஆகவே நான்கையும் ஒன்றாக எழுதுவதே புத்திசாலித்தனம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஒரு கேள்வியையும் விடாதீர்கள். இன்க்ரிமென்ட் கிடைக்கும் என்பதற்காகத்தான் பலர் இதை எழுதுகிறார்கள். அதுவும் நியாயமே. ஆனால் சி.ஏ.ஐ.ஐ.பி.யின் விருப்பத் தாளைத் தேர்ந்தெடுக்கும்போது "எது ஈஸி?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். நாளை எந்தப் பிரிவில் உட்கார ஆசையோ, அதை எடுங்கள்.

இனி கடன் பிரிவு. கேஷிலும் பாஸ்புக் பிரின்டரிலுமே காலம் தள்ளியவர், தேர்வில் தேறினாலும் நேர்காணலில் திணறுவார். அதிலும் தப்பித்தால், ஆபீசராகிப் போகும் புதுக் கிளையில் முதல் மாதமே திணறுவார். கவுண்டரில் இருக்கும்போதே மேனேஜரிடம் போய்க் கேளுங்கள்: "சார், ஒரு முத்ரா ஃபைல் நான் தயார் பண்ணட்டுமா? நீங்க சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டா போதும்." ஆள் பற்றாக்குறை உள்ள கிளையில் இதற்கு வேண்டாம் என்று சொல்லும் மேனேஜர் அரிது.

தையல் கூடம் வைக்க 4 லட்சம் கேட்டு ஒரு அம்மா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முத்ராவில் 50,000 வரை சிஷு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். ஆக இது கிஷோர். சொத்து அடமானம் கேட்கக் கூடாது. உத்யம் பதிவு, சிபில் அறிக்கை, மெஷின் கொட்டேஷன் மூன்றையும் வாங்குங்கள். கடை நடத்தப்போகும் இடத்தை மேனேஜரோடு போய்ப் பாருங்கள். மாதம் எத்தனை துணி தைப்பார், கூலி எவ்வளவு, வாடகையும் மின்சாரமும் போக என்ன மிஞ்சும், அதில் தவணை கட்ட முடியுமா என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். பிராசஸ் நோட்டின் உயிர் அந்த அரைப் பக்கம்தான், மற்றதெல்லாம் படிவம். சாங்ஷன் ஆனதும் மெஷினுக்கான பணம் விற்பவர் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். பிறகு ஒருநாள் போய், பில்லில் உள்ள எண்ணும் மெஷினில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று குனிந்து பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் தவணை நின்றால் அந்த அம்மாவுக்குப் போன் போடுவதும் நீங்களாகவே இருங்கள். 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0, 60 வரை 1, 90 வரை 2, அதைத் தாண்டினால் என்.பி.ஏ. என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, தெரிந்த ஒரு முகம் அந்தப் பட்டியலில் கீழே இறங்குவதைப் பார்ப்பது வேறு. இப்படி ஒரு முத்ரா, ஒரு பயிர்க்கடன், ஒரு வீட்டுக்கடன், ஒரு கல்விக்கடன் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தவருக்கு நேர்காணலில் பாதிக் கவலை தீர்ந்தது.

"கையெழுத்துப் போட்டால் நாளைக்கு மெமோ வருமே?" வரலாம். கடன் வாராமல் போவது மட்டுமே குற்றமாகாது. முறைப்படி விசாரித்தீர்களா, காகிதத்தில் பதிந்தீர்களா என்பதுதான் கேள்வி. நேர்மையாக முடிவெடுத்தவர்களைக் காப்பதற்காகவே, 50 கோடி ரூபாய் வரையிலான வாராக்கடன்களில் ஊழியர் பொறுப்பை எப்படி நிர்ணயிப்பது என்று நிதி அமைச்சகம் 2021-இல் வழிமுறை வகுத்தது. போய்ப் பார்க்காமலே பார்த்ததாக எழுதுகிறவர்தான் பயப்பட வேண்டும்.

அப்ரைசலை மார்ச் கடைசியில், குளோசிங் நெருக்கடியில் நிரப்பாதீர்கள். "வாடிக்கையாளர்களுக்குச் சிறந்த சேவை அளித்தேன்" என்று எழுதினால் படிக்கிறவர் கண் அடுத்த வரிக்குப் போய்விடும். "இரண்டு வருடத்துக்கு மேல் முடங்கியிருந்த கணக்குகளில் 140-ஐ மறு கே.ஒய்.சி. செய்து உயிர்ப்பித்தேன்" என்று எழுதினால் நிற்கும். அந்த எண் உங்களிடம் இருக்க வேண்டுமே? மாதா மாதம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மதிப்பீட்டில் உங்களுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்லதோ கெட்டதோ, எந்த மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறைவாக இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு சங்கத்துக்கு ஓடிப் பயனில்லை.

நேர்காணலுக்கு ரிசர்வ் வங்கியின் சர்க்குலர்களை மனப்பாடம் செய்வதைவிட உங்கள் கிளையைத் தெரிந்துகொள்வது முக்கியம். டெபாசிட் எவ்வளவு, கடன் எவ்வளவு, காசா சதவீதம், என்.பி.ஏ., நகைக்கடன் பங்கு எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம், அதில் விவசாயத்துக்கு 18 என்பதோடு நிறுத்தாமல், உங்கள் ஊரில் அது ஏன் கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொல்லப் பழகுங்கள். தெரியாத கேள்விக்குத் "தெரியாது சார்" என்பதே சரியான பதில். சுற்றி வளைத்தால் அடுத்த மூன்று கேள்வியும் அங்கேயே வரும்.

கடைசியாக வீடு. விண்ணப்பம் போடும் முன்பே கணவன், மனைவி, பெரியவர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை பத்தாம் வகுப்பா, அம்மாவுக்கு மருத்துவம் எங்கே, வேறு மாநிலம் போட்டால் யார் கூட வருவார்? இதைக் கேட்காமல் பாஸ் செய்துவிட்டு ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. சம்பளக் கணக்கையும் போடுங்கள். 2024 மார்ச்சில் கையெழுத்தான 12-வது ஒப்பந்தப்படி கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 64,480 வரை போகிறது. ஸ்கேல் ஒன் தொடங்குவது 48,480-இல், முடிவது 85,920-இல். அதனால் மூத்த கிளார்க்குக்கு உடனடி லாபம் பெரிதாகத் தெரியாது. முப்பது வயதுக்காரருக்கு அது முழுக்க வேறு கணக்கு. ஸ்கேல் மூன்று, நான்கு எல்லாம் அவருக்குக் கைக்கெட்டும் தூரம். 1977-இல் புரபேஷனரி ஆபீசராகச் சேர்ந்து 2013-இல் ஸ்டேட் பாங்க் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யாவும் இடையில் நியூயார்க் வரை மாற்றலில் போய் வந்தவர்தான்.

வந்த பதவி உயர்வை மறுத்தால் சில ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது என்ற விதி பல வங்கிகளில் உண்டு. உங்கள் வங்கியில் அது எத்தனை ஆண்டு என்று பாலிசியில் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.