பனிக்காலத் தோட்டத்தைப் படம்பிடிக்க

ஊவா மலைத் தோட்டங்களில் மார்கழியும் தையும் பனிக்காலம். மழை ஓய்ந்த தைக் காலைகள் குளிர்ந்தும் தெளிந்தும் இருக்கும். வெயில் ஏறினால் பனித்துளி காய்ந்துவிடும் என்பதால், சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமே படத்துக்கு உகந்தது.

மூடுபனியைக் கைபேசி தானாக அளந்தால் வெண்மை சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிவைக்க வேண்டும். இலைநுனித் துளியும் சிலந்தி வலையும் சூரியனை எதிர்நோக்கி, இருண்ட புதரின் பின்னணியில் எடுத்தால் மின்னும். லயத்து வாசலில் தகரப் பேணியில் வளரும் ரோசாவே இதற்குப் போதும்.

அப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா இன்று பெனடிக்ட் துறவிகளின் மடம். அதன் கருங்கற் சுவர் பனியில் மங்கித் தெரியும். முன்னால் ஒரு பூப்பாத்தியைச் சேர்த்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கும். அங்கே அமைதி காப்பது முறை.

குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் லென்ஸ் வியர்க்கும். கேமராவைக் கால் மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவைக்கலாம். ஒரு பிளேன்டீ குடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.