தேடத் தெரியுமா?

2003-ல் வந்த 'ஈவ் ஆன்லைன்' விண்வெளி விளையாட்டில் கப்பல் கிடைத்ததும் பலருக்குப் பீரங்கி மேலதான் கண். ஆனால் தேடும் திறனைக் கற்றவர், சின்னக் கப்பலிலேயே மறைந்த இடங்களைக் கண்டுபிடிக்கலாம். வழி இதுதான்: தேடுகருவிகளை முதலில் அகல விரிக்கணும். சமிக்ஞை கிடைத்ததும் வட்டத்தைச் சுருக்கிக்கிட்டே வரணும்.

நிஜத்திலும் தேடல் ஜெயித்தது! 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-ன் விக்ரம் லேண்டர் தொடர்பு இழந்து நிலவில் விழுந்தது. நாசா எடுத்த படத்தில் அது எங்கேன்னு யாருக்கும் தெரியலை. நம்ம சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் விடவில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி! நாசாவுக்கு எழுதினார். அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பர் 2 அன்று நாசா அவர் பெயரோடு அறிவித்தது.

ஆகவே முதல் திறன் எது? பொறுமையா ஒப்பிடுவது!

செய்து பாருங்கள்: கபாலீஸ்வரர் கோவில் குளத்தை ஒரே இடத்தில் நின்று காலையும் மாலையும் படம் எடுங்கள். ஐந்து மாற்றம் கண்டுபிடிச்சா உங்களுக்கும் தேடத் தெரியும்!