திராட்சைப் பந்தலும் ஆங்கில மரபுத்தொடர்களும்

ஆங்கில மரபுத்தொடர்களை நம்மில் பலர் தேர்வுக்காக நெட்டுருப் போடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஒரு தொடர் எந்தப் பொருளைக் கண்டு பிறந்ததோ அப்பொருளை அறிந்தவனுக்கு நெட்டுரு வேண்டியதில்லை. காமயகவுண்டன்பட்டிப் பக்கத்து மாணவருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் மண் நம்முடையது. திராட்சைக் கொடியிலிருந்து பிறந்த ஆங்கிலத் தொடர்களோ பல.

'சவர் கிரேப்ஸ்' என்பதை முதலில் நோக்குவோம். ஈசாப்பின் பெயரால் வழங்கும் கிரேக்க நரிக்கதையே இதன் மூலம். இதற்குப் 'பொறாமை' என்று பொருள் எழுதுவோர் உளர், அது பொருந்தாது. பிறர் பெற்றதைக் கண்டு புழுங்குவது பொறாமை. தான் முயன்றும் கிட்டாத ஒன்றை மட்டமானது என்று இழித்துரைப்பதே இத்தொடரின் பொருள். ('ஆங்கிலம் எதற்கு?' என்று கேட்கும் நண்பர்கள் இவ்விடத்தில் என்னைப் பொறுத்தருள்க!)

அந்த நரிக்குப் பழம் எட்டாதது ஏன்? ஐரோப்பியத் தோட்டங்கள் பலவற்றில் கொடி இடுப்பளவே நிற்கும். நரி எளிதில் தின்றுவிடலாம். பழைய கிரேக்கக் கதையில் வருவதோ மரத்தின்மேல் படரவிட்ட கொடி. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்குமேல் கொத்துகள் தொங்கும் பந்தலைக் கண்ட நமக்கு நரியின் பாடு நன்கு விளங்கும். மேலும், கிரேக்கத்தில் நரி 'காய்' என்றுதான் சொல்லிச் சென்றது. ஆங்கிலத்தில் அது புளிப்பாயிற்று. நாமோ 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று அந்தக் காயைப் பழமாகவே ஆக்கிவிட்டோம்!

காற்றுவாக்கில் வந்த செய்தியை ஆங்கிலேயர் 'கிரேப்வைன்' வழி வந்தது என்பர். அமெரிக்காவில் 1844இல் மோர்சின் தந்தி வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. கம்பங்களில் தொய்ந்து தொங்கிய கம்பி கொடிபோல் தோன்றியதால் இப்பெயர் எழுந்தது என்பர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் உறுதியற்ற செய்திகளுக்கு இப்பெயர் பரவியது.

'ஓல்டு ஒயின் இன் நியூ பாட்டில்ஸ்' என்பது விவிலியத்திலிருந்து வந்து தலைகீழானது. மத்தேயு நற்செய்தி பேசுவது, புதிய ரசத்தைப் பழைய பாத்திரத்தில் ஊற்றலாகாது என்பதையே. கண்ணாடிப் புட்டியாயின் பழையதானால் என்ன, புதியதானால் என்ன என்று ஐயம் எழும். 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் 'பாட்டில்' எனப்பட்டது தோற்பை; 1881இல் வெளிவந்த திருத்தப்பதிப்பு அதைத் தோற்பை என்றே மாற்றியது. ரசம் நொதிக்கும்போது வளி பெருகும். புதுத்தோல் நெகிழ்ந்து கொடுக்கும், பழந்தோல் கிழியும். தமிழ் விவிலியம் இதனைத் 'துருத்தி' என்றது எத்துணைப் பொருத்தம்! கொல்லன் உலையில் காற்றால் விம்மும் தோலைக் கண்டவர் நாம்.

பேச்சுவழக்கிலோ நாம் 'புதிய மொந்தையில் பழைய கள்' என்கிறோம். கள்ளும் நுரைத்துப் பொங்குவதே. ஆயின் மொந்தையின் வாய் திறந்திருப்பதால் வழியுமேயன்றி வெடிக்காது.