சயனைடு மேடும் பி12 மாத்திரையும்

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிய டீக்கடை. "அண்ணா, பால் இல்லாம ஒரு டீ" என்றேன்.

"வயிறு செரியில்லையாப்பா?"

"அதெல்லாம் இல்லண்ணா. பால வுட்டு ஆறு வருசமாச்சு."

"ஆறு வருசமாவா செரியில்ல? டாக்டராண்ட காட்டலாமில்ல?"

அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் டீ ஆறிவிடும். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேனையும் விட்டு, முடிந்தவரை பட்டையும் தோலையும் தவிர்ப்பவர்களை வீகன் என்கிறார்கள். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரோடு சேர்ந்த சிலரும் உண்டாக்கிய சொல் அது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து வளர்ந்த ஒருவன் இப்படி ஆனால் ஊர் என்னென்ன கேட்கும்? ஆறு வருடங்களாகக் கேட்டவற்றில் அடிக்கடி வந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதில் ஊரார் நம்பிக்கைகளும் உண்டு, வீகன்களின் நம்பிக்கைகளும் உண்டு.

நம்பிக்கை: வீகன் என்றால் சுத்த சைவம், ஐயர் வீட்டுச் சாப்பாடு.

"இன்னாடா, ஐயரா மாறிட்டியா?" எதிர் வீட்டு அக்கா கேட்ட முதல் கேள்வியே இதுதான். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அதில் ஒரு முள் இருந்தது. இந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். கூலிக்காரர் வீட்டுக்குக் கட்டுப்படியான கறி மாட்டுக்கறிதான். அந்தத் தெருவில் ஒருவன் கறியை விட்டால், மேலே ஏறிப் போகப் பார்க்கிறான் என்றுதான் அர்த்தமாகும். அப்படி அர்த்தப்படுத்திக்கொள்ள இந்த நாடு போதுமான காரணம் கொடுத்திருக்கிறது.

ஆனால் உணவை மட்டும் பாருங்கள். சைவ ஹோட்டலில் நெய் தோசை, தயிர் சாதம், கேசரி, ஃபில்டர் காபி. இதில் ஒன்றும் எனக்கு ஆகாது. கறி ஹோட்டலில் நுழைந்தால் வெள்ளைச் சோறும் ரசமும் பொரியலுமாவது தேறும். 'சுத்தம்' என்று மரபு கொண்டாடிய பாலும் நெய்யும்தான் வீகன் முதலில் தள்ளிவைப்பவை. பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவத்துக்கு உரியது. அதற்குள் பால் பவுடர் தாராளமாக இருக்கலாம். வீகனுக்கு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி பச்சை நிற 'வி' எழுத்தும் ஒரு சிறு இலையும் கொண்ட தனிச் சின்னம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் அதை இன்னும் பார்த்ததில்லை.

தமிழில் 'நனிசைவம்' என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனாலும் எனக்கு உறுத்தும். சைவத்துக்கு மேலே இன்னொரு படி கட்டி அதில் ஏறி நிற்பதுபோல் இருக்கிறது. கொல்லாமையைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு அந்தப் படி தேவைப்பட்டதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே, சாதியை எதிர்த்துப் பௌத்தம் தழுவிய பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்தம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்விட்டது. பஞ்சசீலத்தின் முதல் வரியே உயிரைக் கொல்லாதே என்பதுதான். நான் யார் தட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. மாட்டுக்கறி தின்பவரை அடிக்கக் கை ஓங்குகிறவன் கையில் பால் தம்ளர் இருந்தால், அவனோடு என்னைச் சேர்த்து எண்ணாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நம்பிக்கை: பால் கறந்தால் மாடு சாவதில்லையே.

தங்கம், பட்டு, பால் மூன்றுக்கும் பேர்போனது கோலார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதோடு தங்கம் போய்விட்டது. பாலும் பட்டும் நிற்கின்றன. கோலார்ச் சீமையில் ஒரு கறவை மாடு வைத்திருப்பவரைக் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்: சினை ஊசி போட்டு, மாடு ஈன்றால்தான் பால். ஈனுவதில் பாதிக்குப் பாதி காளைக் கன்று. ஏர் பிடித்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது. இப்போது உழவுக்கு டிராக்டர். சீமைக் கலப்புக் காளையைக் கட்டித் தீனி போட எந்தச் சம்சாரியாலும் முடியாது. 2021 முதல் கர்நாடகத்தில் பசு, காளை, கன்று எதையும் அறுக்கக் கூடாது. பதின்மூன்று வயது தாண்டிய எருமைக்கு மட்டும் விலக்கு. சட்டம் வந்துவிட்டதால் காளைக் கன்று பிறப்பது நின்றுவிடவில்லை. அது தொழுவத்தை விட்டு எங்கே போகிறது என்பதைப் பால் குடிப்பவர் கேட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பாலும் கறியும் வேறு வேறு தொழில் என்பது நகரத்தில் உட்கார்ந்து யோசிப்பவர்களின் கற்பனை.

இதில் சம்சாரியைக் குற்றவாளி ஆக்கும் வீகன்களும் இருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கைக்கு வரும் பால் பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுபவரிடம் போய் உபதேசம் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை.

பட்டைப் பற்றி ஒரு வரி: கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கும்போதே வெப்பத்தில் கொன்றுதான் நூலெடுக்கிறார்கள். அந்துப்பூச்சி வெளியேற விட்டால் இழை அறுந்துபோகும்.

நம்பிக்கை: பால் இல்லாவிட்டால் எலும்பு உளுத்துவிடும்.

இதை எனக்குச் சொன்னவர் கேழ்வரகுக் களியை உருட்டிக்கொண்டே சொன்னார். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் கால்சியம். நூறு மில்லி பசும்பாலில் 120. எள்ளில் ஆயிரத்துக்கு மேல். முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் பாலைவிடப் பல மடங்கு.

இங்கே நிறுத்திவிட்டால் நானும் பாதி உண்மை சொன்னவனாவேன். கேழ்வரகில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். பசலைக்கீரையில் கணக்குக்குக் கால்சியம் நிறைய இருந்தாலும் ஆக்சலேட் அதை உடம்பில் சேரவிடாது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1,000 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஒரு களி உருண்டையோடு அது முடிந்துவிடாது. களி, கீரை, எள்ளுத் துவையல் என்று சேர்ந்தால்தான் கிட்டே வரும். பாட்டி காலத்துத் தட்டு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பால் அதில் டீக்கு ஊற்றும் அளவுதான்.

நம்பிக்கை: புரதத்துக்கு என்ன செய்வாய்?

மார்கழி, தை மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். மூட்டை மூட்டையாகப் பச்சை அவரை வந்து இறங்கும். பனியில் விளைந்த காய்க்குத் தோலில் ஒரு பிசுபிசுப்பும் வாசமும் இருக்கும். வாங்குபவர்கள் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்கள். உரித்த கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வாசல் திண்ணையில் குண்டானை வைத்துக்கொண்டு அம்மா உட்காருவாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒன்றைப் பிடித்து ஒரு அழுத்து. வழவழவென்று பருப்பு குண்டானில் குதிக்கும், தோல் விரலில் தங்கும். சில சமயம் குண்டானைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலில் போய் விழும். ஒரு வேளைக் குழம்புக்கு இரண்டு பேர் ஒரு மணி நேரம் பிதுக்க வேண்டும். தெருவின் பாதிச் செய்தி அந்த ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். தேங்காய், கசகசா, பட்டை, லவங்கம் அரைத்து ஊற்றினால் பிதுக்குப் பருப்புக் குழம்பு. கறிக்குழம்பு மசாலாவேதான். அவரை சீசனில் கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தன. அப்போது அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

காய்ந்த கொள்ளில் நூற்றுக்கு 22 கிராம் புரதம், நிலக்கடலையில் 24, மீல் மேக்கரில் 50 கிராமுக்கு மேல். தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறு வகையில் நிறைய இருக்கிறது. களியோடு கொள்ளுக் குழம்பு சேர்ந்தது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை.

செலவு அதிகமாகுமே என்பார்கள். பெங்களூரில் விற்கும் ஒரு லிட்டர் ஓட்ஸ் பால் விலைக்கு நாலைந்து லிட்டர் பசும்பால் வாங்கலாம் என்பது நிஜம். அதை வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி நூறு கிலோமீட்டர் வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருவன். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சைச் சோறும் கொள்ளுச் சுண்டலும். பக்கத்து சீட்டுக்காரர் பாக்ஸிலும் பல நாள் அதேதான். அவர் வீகன் இல்லை, மாசக் கடைசி.

நம்பிக்கை: தூசி வேலைக்காரன் பாலும் வெல்லமும் சாப்பிட்டால் நெஞ்சு சுத்தமாகும்.

இதைக் கேட்டால் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. சுரங்கத்தில், கல் குவாரியில், பஞ்சாலையில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பாவும் நம்பினார். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி மூச்சோடு நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய்த் தங்கி, அங்கே தழும்பாகிறது. நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகிறது. பாலோ வெல்லமோ வாழைப்பழமோ அந்தத் தழும்பைத் தொடக்கூட முடியாது. 1940-களில் இங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. அதற்கு வழி தூசியைத் தண்ணீர் அடித்து அடக்குவதும், காற்றோட்டமும், முகமூடியும்தான். ஒரு தம்ளர் பால் மலிவான ஆறுதல். காய்கறிச் சாறு குடித்தால் நுரையீரல் கழுவிவிடும் என்று இப்போது சில வீகன்கள் பரப்புவதும் அதே ரகம்.

நம்பிக்கை: எல்லாச் சத்தும் செடியிலேயே இருக்கிறது, மாத்திரை வேண்டாம்.

இது எங்கள் தரப்பு நம்பிக்கை. நானும் நம்பினேன். மூன்றாவது வருடம் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. ரயிலில் நின்றே போவதால் என்று நினைத்தேன். செருப்பு கழன்றுபோனது தெரியாமல் பிளாட்பாரத்தில் நாலடி நடந்த அன்றுதான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். பி12 அடிமட்டத்தில் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

பி12-ஐச் செடியும் உண்டாக்காது, விலங்கும் உண்டாக்காது, பாக்டீரியா உண்டாக்குகிறது. மாட்டின் இரைப்பைப் பாக்டீரியா செய்வதுதான் பாலுக்கும் கறிக்கும் வருகிறது. புளித்த இட்லி மாவு, பழைய சோறு, ஸ்பைருலினா எதையும் நம்ப முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில வருடங்கள் ஒன்றும் தெரியாது. தெரியும்போது நரம்பு கெட ஆரம்பித்திருக்கும். பெரியவருக்கு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம்தான் தேவை. கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனாலும் அது இல்லாமல் முடியாது. வீகன் என்றால் மாத்திரை, இல்லையென்றால் பி12 சேர்த்த உணவு. மூன்றாவது வழி கிடையாது.

மாத்திரை வாங்கி வந்தேன். அட்டையில் 'சயனோகோபாலமின்' என்றிருந்ததைத் தங்கை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வீடே நின்றுவிட்டது.

சயனைடு என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அரைத்த கல்மாவில் சயனைடு கரைசலை விட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய சக்கைதான் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. சயனைடு மேடு என்றே அதற்குப் பெயர். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூள் கண்ணாடி ஜன்னலில், காயப்போட்ட துணியில், மூடாத சோற்றில் எல்லாம் வந்து படியும். "ஊரு பூரா கெடக்குதே, அதப் போயி காசு குடுத்து வாங்கியாந்திருக்கான் பாரு" என்றாள் அம்மா.

பயப்படத் தேவையில்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பி12 மூலக்கூறின் எடையில் சயனைடு பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் இருபதுக்கும் குறைவு. உணவு வழியாக நாள்தோறும் உடம்புக்குள் போனாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த வரம்பு, கிலோ எடைக்கு இருபது மைக்ரோகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 1,200. மரவள்ளிக்கிழங்கிலும் சிறிதளவு சயனைடு உண்டு, அதை அவித்துத் தின்கிறோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்த வடிவம் எடுப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் அவளுக்கே கால் மரத்தது. பாலும் மீனும் விடாதவள். ஆனால் பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். அந்த மருந்து பி12 சேர்வதைக் குறைக்கும். பரிசோதித்தால் அவளுக்கும் குறைவு. இப்போது மருத்துவர் சொன்னபடி இரண்டு பேருக்கும் ஒரே அட்டைதான், காலண்டர் ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"டேய், அந்த சயனைடுல ஒண்ணு கிள்ளிக் குடு."