அலையறிதல்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்திற்குச் செல்லும் சாலை, உப்பளங்களையும் முட்டுக்காட்டு உப்பங்கழியையும் கடந்து கடற்கரையை அடைகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இச்சாலையில் செல்லும் வண்டிகள் சிலவற்றின் மேல் நீண்ட பலகைகள் கட்டப்பட்டிருக்கும். அவை அலைச்சறுக்குப் பலகைகள். அவற்றைக் கொண்டு செல்வோர் அனைவருக்கும் ஒரே கேள்விதான்: இன்று அலை எப்படி?

இதே கேள்வியை வேறு சொல்லில் கேட்கும் ஊர் ஒன்று இந்தியாவின் வடகோடியில் உண்டு. காஷ்மீரத்தில், கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் அமைந்த குல்மார்க், பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்றது. மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து மேற்கே தோன்றி வரும் குளிர்காலக் காற்றுச் சுழற்சிகளே அங்குப் பனியைப் பொழிகின்றன. அவை வலுவிழந்தால் பனி இல்லை. 2024 சனவரியில் குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிப் பழுப்பு நிறமாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனியின்மையால் மார்ச்சு மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டன. மைதானத்தை மனிதன் அமைத்துக்கொள்ளும் விளையாட்டுகளுக்கு இல்லாத நிலையாமை இது. இயற்கை மைதானத்தை விரித்தால் ஆட்டம் உண்டு, சுருட்டிக்கொண்டால் இல்லை. கோவளத்திலும் அப்படியே.

கோவளத்தின் நல்ல அலைகள் கோவளத்தில் பிறப்பவை அல்ல. தென்மேற்குப் பருவக்காலத்தில் இக்கரையை வந்தடையும் நெடிய அலைகள் பலவும், நிலநடுக்கோட்டுக்கு மிகத் தெற்கே, அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடற்பரப்பில் வீசும் புயல்களால் எழுப்பப்படுபவை. ஓர் அலைமுகடு கடந்த பின் அடுத்த முகடு வந்துசேரும் கால இடைவெளியை அலைக்காலம் என்பர். 15 நொடி அலைக்காலம் கொண்ட அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் நகரும். எனவே, அங்கு எழுந்த புயலின் செய்தி கோவளத்தை அடைய ஆறேழு நாள்கள் ஆகலாம். அதற்குள் அப்புயலே ஓய்ந்திருக்கவும்கூடும். தெற்கிலிருந்து வரும் இவ்வலைகளை இலங்கைத்தீவு தடுப்பதால் பாக் நீரிணைப் பகுதி பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. தீவுக்குக் கிழக்கே தப்பி வரும் அலைகளே செங்கல்பட்டு மாவட்டக் கரையைத் தொடுகின்றன.

அலையின் உயரத்தை மட்டும் கேட்டறிந்து கடலில் இறங்குவது தவறு. ஒரே உயரமுடைய இரண்டு அலைகளில், 6 நொடி அலைக்காலம் கொண்டதைவிட 15 நொடி அலைக்காலம் கொண்டது இரண்டரை மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவரும். அண்மைக் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் ஒழுங்கற்றும் இருக்கும். தொலைவிலிருந்து வந்த அலையோ வழியிலேயே ஒழுங்குபெற்று, கூட்டம் கூட்டமாக வரும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே கடல் சில நிமிடங்கள் அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியை நம்பிப் பாறையில் நின்று படமெடுப்பவர்களைத்தான் அடுத்த கூட்டம் வாரிச் செல்கிறது.

அலை நன்றாக இருந்தும் காற்று அதைக் கெடுத்துவிடலாம். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என்று தமிழர் காற்றுக்குத் திசைவழிப் பெயரிட்டனர். இப்பெயர்களைக் கொண்டே கோவளத்தின் ஒரு நாளைச் சொல்லிவிடலாம். சூன், சூலை மாத விடியலில் நிலத்திலிருந்து கடல்நோக்கிக் கோடைக்காற்று வீசும். அது வரும் அலையை எதிர்த்து நின்று அதன் முகப்பை வழவழப்பாக்கி, உடைவதைச் சற்றே தாமதப்படுத்தும். சறுக்குவோர்க்கு வேண்டியது அதுவே. நண்பகலுக்குப் பின் நிலம் சூடேற, கடற்காற்று கரையேறும். நீர்ப்பரப்பு கலைந்து கரடாகும். பலகையோடு விடியலில் வருவதன் காரணம் இது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குக் காற்று நாள் முழுவதும் கரைநோக்கி வீசும். அலைகள் பெரியவைதாம், ஆனால் குழம்பியவை. புயற்சின்னங்கள் உருவாகும் காலமும் அது. மேலும், சென்னையின் தென்புறப் பகுதிகளில் பெய்த மழைநீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கும். அந்நாள்களில் கரையோர நீர் செந்நிறமாக மாறும்.

மூன்றாவது காரணி கடலடி மணல். அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆழமுள்ள இடத்தில் உடையும். ஆகவே, அலை எங்கே உடைய வேண்டும் என்பதை மணல்திட்டே தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே இழுக்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. சென்னைத் துறைமுகத்தின் தென்புறம் மணல் குவிந்து மெரினா அகன்றதும், வடபுறம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். கரையில் கல் கொட்டும் ஒவ்வொரு திட்டமும் அடுத்த ஊரின் மணலில் கைவைக்கிறது. இவ்வாண்டின் அலை சென்ற ஆண்டின் இடத்தில் உடையாமல் போவதற்கு இயற்கையும் மனிதனும் சேர்ந்தே பொறுப்பாவர்.

காற்று, அலை, மணல் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கும் அறிவு இக்கரைக்குப் புதிதன்று. கட்டுமரத்தை நீரில் தள்ளுமுன் மீனவர் கரையில் நின்று அலைகளை நோக்குவர். பெரிய கூட்டம் கடந்தபின் கிடைக்கும் இடைவெளியில் உடைகரையைத் தாண்டுவர். திரும்பும்போது அலையின் முதுகிலேயே கரையேறுவர். அலைச்சறுக்கு என்னும் பெயர் வருமுன்பே அதன் இலக்கணம் இவர்களிடம் இருந்தது. 2012இல் மீனவர் மூர்த்தி மேகவன் முன்னின்று கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கியபோது, மீனவச் சிறுவர்கள் விரைவில் தேர்ச்சி பெற்றதில் வியப்பில்லை. 2025 ஆகத்தில் ஆசிய அலைச்சறுக்கு வாகையர் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதில் இந்தியாவின் இரமேஷ் புதிகால் வெண்கலம் வென்றார். ஆசியப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் பதக்கம் அதுவாகும்.

இன்று அலையின் உயரம், திசை, அலைக்காலம், காற்றின் வேகம் ஆகியவற்றை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே கணித்து நாள்தோறும் வெளியிடுகிறது. அதைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். அலை உயரம் ஒன்றரை மீட்டர் என்று அறிவிக்கப்பட்டால், எல்லா அலைகளும் ஒன்றரை மீட்டர் என்பது பொருளன்று. வரும் அலைகளில் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையே ஏறக்குறைய இருமடங்கு உயர்ந்த அலையும் வரலாம்.

உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோதும், தொலைப்புயலின் நெடிய அலைகள் திடீரெனக் கரையேறுவதைக் கேரளக் கடலோர மக்கள் கள்ளக்கடல் என்பர். கள்வனைப்போல் சொல்லாமல் வருவதால் அப்பெயர். 2024 மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையொன்றில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பிலிருந்த நாள் அது. வானம் தெளிந்திருந்தால் கடலும் தெளிந்திருக்கும் என்ற எண்ணம் நிலத்தில் வாழ்வோர்க்கு இயல்பு. மீனவர் அவ்வாறு எண்ணுவதில்லை.

கரையில் மோதிய நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப ஒரு வாய்க்காலைத் தேடிக்கொள்ளும். இருபுறமும் நுரை பொங்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல் கருத்து அடங்கியிருந்தால், அதுவே அவ்வாய்க்கால். நீந்தத் தெரியாதோர் பாதுகாப்பான இடமென்று தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அதையே. அந்நீரோட்டம் ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை. கடலுக்குள் இழுத்துச் செல்லும். அதை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துபவர் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால், சிறிது தொலைவிலேயே அதன் பிடி விடும். பிறகு நுரைத்து வரும் அலைகளே ஒருவரைக் கரையில் சேர்த்துவிடும்.