பின்சுழலுக்குள் ஒரு ஜெட் இயந்திரம்

1986-ஆம் ஆண்டு வெளிவந்த 'டாப் கன்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். முன்னால் பறக்கும் விமானம் விட்டுச்சென்ற காற்றுக்குள் நாயகனின் எஃப்-14 நுழைகிறது. இரண்டு இயந்திரங்களும் அணைந்துவிடுகின்றன. விமானம் தட்டையாகச் சுழன்றபடியே கடலை நோக்கி விழுகிறது. இது உண்மையில் நடக்கக்கூடியதா? இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான். பட்டர்வொர்த்தில் வளர்ந்தவர்களுக்குப் போர் விமானம் புதிதல்ல. 1997 முதல் எஃப்/ஏ-18டி ஹார்னெட்டுகள் எங்கள் தலைக்கு மேல்தான் பறக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வாய்பாடு சொல்லும்போது அவை கடந்தால், சத்தம் அடங்கும்வரை வகுப்பே காத்திருக்கும்.

பின்சுழல் என்பது என்ன? பினாங்கு ஃபெரி கடந்துபோன சிறிது நேரம் கழித்து, ஓரமாகக் கட்டியிருக்கும் சம்பான் ஆடத் தொடங்கும். ஃபெரி அதற்குள் வெகுதூரம் போயிருக்கும். வானத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். பறக்கும்போது இறக்கையின் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே உள்ள காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறது. அதனால் இரண்டு நுனிகளுக்குப் பின்னாலும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிய இரண்டு காற்றுக் கயிறுகள் நீண்டு கிடக்கின்றன. அவை மெல்லக் கீழே இறங்கவும் செய்யும்.

அந்த முறுக்கின் வலிமையைக் கணக்கிடுவது எளிது. இறக்கை சுமக்கும் பாரத்தைக் காற்றின் அடர்த்தி, விமானத்தின் வேகம், இரு சுழல்களுக்கும் இடையிலான தூரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். 120 டன் எடையும் 40 மீட்டர் இறக்கை விரிவும் கொண்ட எரிபொருள் நிரப்பும் விமானம் ஒன்று, 7,500 மீட்டர் உயரத்தில், வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் நேராகப் பறப்பதாகக் கொள்வோம். விடை, வினாடிக்குச் சுமார் 340 சதுர மீட்டர். இப்போது 15 டன் எடையுள்ள ஒரு ஹார்னெட், 3,000 மீட்டர் உயரத்தில், அதே வேகத்தில், தன் எடையைப்போல் ஐந்து மடங்கு பாரத்தை இறக்கையில் ஏற்றிக்கொண்டு கூர்மையாகத் திரும்புகிறது. விடை 450! எட்டில் ஒரு பங்கு எடையுள்ள விமானம் அதைவிட வலிய சுழலை விட்டுச்செல்கிறது. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே நம்பினேன். திருப்பத்தில் பாரம் பெருகுகிறது, இறக்கையோ குட்டையானது. ஆகவே திரைப்படத்தில் ஒரு போர் விமானத்தின் பின்காற்றில் இன்னொன்று சிக்குவது வெறும் கற்பனை அன்று.

இயந்திரத்துக்கு இதனால் என்ன கேடு? ஜெட் இயந்திரத்தின் முன்பகுதியில் இருப்பது காற்றமுக்கி. (இடைநிலைப்பள்ளியில் இதை 'பெமாம்பாட்' என்றுதான் படித்தேன். தமிழ்ச் சொல்லைத் தேடிப் பிடித்தது இந்தக் கட்டுரைக்காக.) அதன் ஒவ்வொரு தகடும் ஒரு குட்டி இறக்கை. காற்று சரியான கோணத்தில் வந்து மோதும்வரை அது காற்றை அமுக்கிப் பின்னால் தள்ளும். கோணம் மிஞ்சினால் காற்று தகட்டின் முதுகைவிட்டுப் பிரிந்துவிடும். இதுதான் ஸ்டால். அது முற்றினால், பின்னால் அமுக்கி வைத்த காற்று முன்பக்கமாகவே பீறிடும். நெருப்பு அணையவும் கூடும். எஃப்-14-இன் முதல் வகையில் இருந்த டிஎஃப்30 இயந்திரம் இந்த நோய்க்குப் பெயர் போனது. ஒரு பக்க இயந்திரம் மட்டும் நின்றால் விமானம் ஒருபுறமாக இழுக்கப்படும். தட்டைச் சுழற்சிக்கு அதுவே போதும்.

மேலே சொன்ன 450 வலிமையுள்ள சுழலின் மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, சுற்றும் காற்றின் வேகம் வினாடிக்கு 36 மீட்டர். 200 மீட்டர் வேகத்தில் வரும் விமானத்துக்கு இது காற்றின் திசையையே 10 பாகை திருப்பிவிடும். ஆனால் குறுக்காக வெட்டிப் பறந்தால் 4 மீட்டரைக் கடக்க 0.02 வினாடிதான் ஆகும். நிமிடத்துக்கு 12,000 முறை சுழலும் காற்றமுக்கி அதற்குள் நான்கே சுற்றுகள் சுற்றியிருக்கும். சுழலின் நீளவாக்கில் பறந்து, அதன் மையம் நுழைவாயிலுக்குள் விழுந்தால் நிலைமை வேறு. காற்று முறுக்கிக்கொண்டே உள்ளே போகும். முறுக்கு, காற்றமுக்கி சுழலும் திசையிலேயே இருந்தால் தகட்டுக்குச் சுமை குறையும். எதிர்த்திசையில் இருந்தால் ஸ்டால் நெருங்கும். ஹார்னெட்டின் இரண்டு இயந்திரங்களும் ஒரே திசையில் சுழல்பவை. முன்விமானத்தின் ஓர் இறக்கை நுனியிலிருந்து வரும் சுழல் ஆபத்து என்றால், மறுநுனியின் சுழல் அவ்வளவு ஆபத்தில்லை!

இதையெல்லாம் கணினியில் பறந்து பார்க்க ஆசைப்பட்டேன். யாரும் இலவசமாகப் பெறக்கூடிய ஃப்ளைட்கியர் சிமுலேட்டரையும் அதற்குள் இயங்கும் ஜேஎஸ்பிசிம் நிரலையும் எடுத்துக்கொண்டேன். நிரலைத் திறந்து பார்த்தபோது ஏமாற்றம்தான். அதன் டர்பைன் இயந்திரம், வேகத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற உந்துவிசையை ஓர் அட்டவணையிலிருந்து படித்துச் சொல்கிறது. காற்று நேராக வருகிறதா, முறுக்கி வருகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஸ்டால் என்ற நிலை நிரலில் உண்டு. வெப்பம் ஏறும், சுழல்வேகம் விழும், விசைப்பிடியைக் கீழே இழுத்தால் மீண்டு வரும். ஆனால் 'இப்போது ஸ்டால்' என்று வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லும் பகுதியை நான் எழுதினேன். இயந்திர முகத்தில் 8 ஆரங்கள், ஆரத்துக்கு 5 புள்ளிகள் என 40 இடங்களில் காற்றை அளப்பது. உண்மையான இயந்திரச் சோதனையிலும் இவ்வாறு 40 அளவிகள் பொருத்தும் வழக்கம் உண்டு. மிக மோசமான 60 பாகைத் துண்டில் உள்ள குறை ஓர் எல்லையைத் தாண்டினால் ஸ்டால். அந்த எல்லை எவ்வளவு? இங்கேதான் தவறு செய்தேன். திரைப்படத்தில் வருவதுபோல் இயந்திரம் அணையும்வரை அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போனேன். காட்சி அச்சு அசலாக வந்தது. நண்பர்கள் கைதட்டினார்கள்.

என் மேற்பார்வையாளர் கைதட்டவில்லை. "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. திட்டி அனுப்புவார் என்று நினைத்தேன். ஒரு விபத்து அறிக்கையைப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

2001 நவம்பர் 12. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏ300 வகை விமானம், நியூயார்க்கிலிருந்து கிளம்பியதும் முன்னே சென்ற போயிங் 747-இன் பின்சுழலைச் சந்தித்தது. சுழல் அதை உடைக்கவில்லை. துணை விமானி திசைதிருப்பியை இடமும் வலமுமாக மாறி மாறி மிதித்ததில் வால் செங்குத்துத் தகடு பிய்ந்துபோனது. தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் மாண்டனர். அந்த மிதிப்பு தேவையற்றது, அளவுக்கு மிஞ்சியது என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2004 அறிக்கை. அந்த விமானத்தின் திசைதிருப்பி அமைப்பும், நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தின் சில கூறுகளும் துணைக்காரணங்கள். அப்பயிற்சியில் ஒரு சிமுலேட்டர் பாடம் இருந்தது. அது பின்சுழலை உள்ளதைவிடப் பயங்கரமாகக் காட்டி, விமானியின் மனத்தில் மிகையான அச்சத்தை விதைத்திருக்கக்கூடும் என்றும் அவ்வறிக்கை கூறியது. அன்றிரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்து வைத்திருந்ததும் அதே வகைப் பாடம்தானே!

மறுநாள் அந்த எண்ணை அழித்தேன். ஓர் எண்ணுக்குப் பதிலாக, தளர்ந்த எல்லை முதல் இறுகிய எல்லை வரை ஒரு வரம்பையே வைத்துக்கொண்டு மீண்டும் பறந்தேன். குறுக்கே வெட்டியபோது பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. நிரல் வினாடிக்கு 120 முறை கணக்கிடுகிறது, 0.02 வினாடி என்பது அதற்கு இரண்டு மூன்று அடிகள்தான். கூர்மையாகத் திரும்பிய விமானத்தின் நேர்ப்பின்னால், மூக்கைத் தூக்கியபடி, விசைப்பிடியை வேகமாகத் தள்ளியபோது மட்டும் சில முறை ஓர் இயந்திரம் நின்றது. இரண்டும் ஒன்றாக அணைந்தது எல்லையை மிக இறுக்கியபோதுதான்.

வாய்மொழித் தேர்வில் காட்டுவதற்குப் பரபரப்பான காட்சி எதுவும் என்னிடம் இல்லை. வரைபடத்தைக் காட்டி, எந்த இயந்திரத்தின் சோதனைத் தரவோடும் இது ஒப்பிடப்படவில்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன். நிரல் வேண்டும் என்று கேட்கும் இளைய மாணவர்களுக்கு மகிழ்ச்சியோடு தருவேன். அந்த எல்லையை மாற்றினால், ஏன் மாற்றினீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். நான் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.